1,799 ரூபாய்க்கு 87 டெஸ்ட்: அப்பாவுக்கு எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 53 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார், காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். வெற்றிலையோடு புகையிலை போடுவார். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 1,799 ரூபாய்க்கு 87 டெஸ்ட் பார்த்துத் தருகிறோம் என்று போனில் கூப்பிட்டிருக்கிறார்கள், எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. போன வருடம் அம்மாவுக்கு இதே மாதிரி எடுத்தபோது பொட்டாசியம் 6.4, கால்சியம் 6.9, ஏ.எல்.பி. 22 என்று வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். அங்கே திரும்ப எடுத்ததில் எல்லாமே சரியாக இருந்தது. முதல் லேப் ஏமாற்றிவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. தாளில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம், எத்தனை எண் பார்த்தால் அப்பாவைப் பற்றி நிம்மதியாக இருக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. டி.எம்.எல்.டி. படித்துவிட்டு 23 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். முதல் ஆறு வருடம் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த வேலை, அதன் பிறகு தனியாரில். ரத்தம் எடுப்பது, சாம்பிளைப் பிரிப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் வெளியே போகும் முன் சரிபார்ப்பது, இவைதான் என் வேலை. ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த எண்ணுக்கு என்ன மாத்திரை, எப்போது மாத்திரை என்பது டாக்டரின் வேலை, அதற்குள் போக மாட்டேன்.

அம்மாவின் ரிப்போர்ட்டை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய அந்த மூன்று எண்களைப் படித்தவுடனே எனக்கு ஊதா மூடி டியூப்தான் ஞாபகம் வந்தது. ரத்தம் எடுக்கும்போது வெவ்வேறு நிற மூடியில் டியூப் வைத்திருப்பார்களே, அதில் ஊதா மூடிக்குள் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க அதைப் போடுகிறோம். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இருப்பதே பொட்டாசியம் உப்பாக. ஏ.எல்.பி. என்ற என்சைம் வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் தேவை, அவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். ஆகவே ஊதா டியூப் ரத்தம் கொஞ்சம், இந்த மூன்றையும் பார்க்க எடுக்கும் மஞ்சள் மூடி டியூபுக்குள் போய்விட்டால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், ஏ.எல்.பி.யும் இறங்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் நாங்கள் நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் டியூபைச் சந்தேகப்படுவோம்.

இது எப்படி நடக்கும் என்றால், நரம்பு சரியாகக் கிடைக்காமல் மஞ்சள் டியூபில் பாதிதான் ரத்தம் வந்திருக்கும். இன்னொரு முறை குத்தினால் திட்டுவார்களே என்று, ஊதா டியூப் மூடியைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் மஞ்சளில் ஊற்றிவிடுவார்கள். சிரிஞ்சில் எடுத்து முதலில் ஊதாவில் விட்டு, ஊசி நுனி மருந்தில் பட்ட பிறகு மஞ்சளில் விட்டாலும் கொஞ்சம் கலக்கும். அதற்காகத்தான் டியூபுகளுக்கு வரிசை வைத்திருக்கிறோம்: உறைதல் டெஸ்டுக்கான நீல மூடி முதலில், பிறகு மஞ்சள் அல்லது சிவப்பு, பிறகு ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வேன்: ரத்தம் பத்தவில்லை என்றால் பத்தவில்லை என்று சொல், மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்து, டியூபிலிருந்து டியூபுக்கு ஊற்றாதே.

உங்கள் அம்மா விஷயத்தில் அதுதான் நடந்தது என்று இங்கிருந்து சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கிட்னிப் பிரச்சினை இல்லை, பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை எதுவும் இல்லை, கை கால் இழுப்போ மரமரப்போ இல்லை, சில மணி நேரத்தில் மறு சாம்பிள் சரியாக வந்தது என்கிறீர்கள். எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், கவனக்குறைவு. மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்குள் வைத்த திரவத்தில் இருந்ததைத்தான் சொன்னது. அந்த லேப் மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு. இப்படி மூன்று எண் சேர்ந்து வந்த ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு வெளியே விட்டிருக்கவே கூடாது. போனில் கூப்பிட்டு, சாம்பிளில் சந்தேகம், மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் ராத்திரி ஓடியது மிகச் சரி. பொட்டாசியம் நிஜமாகவே 6.4 என்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய எண் அது இல்லை.

பொட்டாசியம் ஏறுவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. சிவப்பணுவுக்குள் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் பொட்டாசியம் இருக்கிறது. அணு உடைந்தால் அத்தனையும் வெளியே கொட்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாத மதியம், கிராமத்துக் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பைக்கில் ஒரு பெட்டி வந்தது. ஐஸ் பேக் உருகி வெறும் தண்ணீர்ப் பையாகக் கிடந்தது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய சீரம் தர்பூசணிச் சாறு மாதிரி சிவந்து நின்றது. பதினொரு டியூபில் ஒன்பது அப்படி. ஒன்பதையும் ரிஜெக்ட் செய்து மறுபடி எடுக்கச் சொன்னேன். அன்று எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை, ஒன்பது வீட்டுக்கு இன்னொரு முறை ஆள் போக வேண்டியிருந்தது. அதில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவருடைய பொட்டாசியம் தவறாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் வீட்டில் வந்து எடுப்பதைத் தவறு என்று சொல்லவில்லை. எடுத்த ரத்தம் எவ்வளவு நேரத்தில் லேபுக்குப் போகிறது என்று கேளுங்கள். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி டியூபில் உள்ள ஃபுளோரைடு அதைத் தடுக்கும், ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதாகத் தடுக்காது. காலை ஆறரைக்கு எடுத்து, பத்து வீடு சுற்றி, பதினொன்றரைக்கு லேபுக்குப் போனால், எல்லையில் இருக்கும் ஒருவரின் சர்க்கரை நார்மல் என்று வந்துவிட வாய்ப்பு உண்டு. ரத்தம் எடுக்க வருபவர் அப்பாவின் பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே கேட்டு, அங்கேயே டியூபில் எழுத வேண்டும் அல்லது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு நரம்பு தேடிக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனாலே சில எண்கள் மாறத் தொடங்கும். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் பொட்டாசியம் கூடும். லேபுக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் தர அங்கீகாரம் இருக்கிறதா, தினமும் கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டுகிறார்களா, வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். வேலூர் சி.எம்.சி. அப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. அவர்கள் அனுப்பும் சாம்பிளை லேப் ஓட்டி அனுப்பினால், மற்ற லேப்களின் முடிவோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். இதைக் கேட்டால் கோபப்படும் லேபைவிட, உள்ளே கூப்பிட்டுச் சார்ட்டைக் காட்டும் லேப் மேல்.

இனி அந்த 87. ஊதா டியூப் ஒன்றை மெஷினில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் ஹீமோகுளோபின், அணுக்கள், அவற்றின் அளவு, சதவீதம் என்று இருபதுக்கும் மேற்பட்ட எண் வந்து விழும். அதைப் பேக்கேஜில் இருபதுக்கும் மேற்பட்ட டெஸ்டாக எண்ணுவார்கள். லிவர் என்று பத்துப் பன்னிரண்டு. கொழுப்பில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதே இல்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்குப் போடுவோம் (டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது). அதற்கும் மேலே இதை அதால் வகுத்தது, அதை இதால் வகுத்தது என்று மூன்று நான்கு விகிதங்கள். எல்லாம் சேர்ந்து 87 ஆகிவிடும். எண்ணிக்கையைப் பார்த்து விலை மலிவு என்று முடிவு செய்யாதீர்கள்.

எண்ணிக்கை கூடினால் பயமும் கூடும், அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று ஒரு எல்லை போடுகிறோமே, அது பெரும்பாலான டெஸ்டுகளில், ஆரோக்கியமானவர்களை அளந்து நடுவில் இருக்கும் 95 சதவீதத்தினரின் எண்களை வைத்துப் போட்டது. அதாவது எந்தக் குறையும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எப்படியும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்டை நல்ல ஆரோக்கியமானவருக்கு எடுத்தால், ஒன்றாவது எல்லைக்கு வெளியே என்று தடித்த கறுப்பு எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. நிஜத்தில் டெஸ்டுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 87 எண்ணில் கறுப்பு எழுத்தே இல்லாத ரிப்போர்ட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லையை ஒரு புள்ளி தாண்டிய எண்ணும் மூன்று மடங்கு தாண்டிய எண்ணும் ஒரே கறுப்பில்தான் அச்சாகும், வீட்டில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அப்பாவுக்கு உண்மையில் பார்க்க வேண்டியதில் முதலாவது ரத்தத்திலேயே இல்லை. சில வருடம் முன் ஒரு டீ மாஸ்டர் எங்களிடம் பேக்கேஜ் எடுத்தார், 48 வயது. எழுபது எண்ணும் சுத்தமாக வந்தது. ரிப்போர்ட் வாங்க வந்தவரை உட்கார வைத்து, மேஜையில் இருந்த மெஷினில் பிரஷர் பார்த்தேன். 190/116. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் இறங்கவில்லை. எனக்கு ஒன்றுமே செய்யவில்லையேம்மா என்றார். கையோடு டாக்டரிடம் அனுப்பினேன். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவும் இருந்தன. மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிற ஒன்றை, 87 டெஸ்ட் பார்க்கும் பேக்கேஜ் பார்க்காமலே விட்டுவிடுகிறது.

பிரஷரையும் முறையாகப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்கும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கல்லாவில் யாரிடமோ கணக்குப் பேசிக்கொண்டே பார்த்த எண் செல்லாது. வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் போங்கள். அதோடு ஒரு டேப் எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்துவிடுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கிட்னிக்குக் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், பிறகு சிறுநீரில் புரதம். 53 வயதில், இந்தக் குடும்ப வரலாற்றோடு தொடங்க இது போதும் என்பது என் கருத்து, டாக்டர் வேறு ஏதாவது சேர்த்தால் சேர்க்கட்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-லிருந்து நீரிழிவு. எச்.பி.ஏ.1சியில் 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-லிருந்து நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். எச்.பி.ஏ.1சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அது கூடுதலாகக் காட்டலாம், சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தால் குறைத்துக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் கூடவே பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

வெற்றிலை புகையிலை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அப்பாவின் சர்க்கரையைவிட வாய்தான் மனதில் நிற்கிறது. எந்த டியூபிலும் தெரியாத பரிசோதனை அது: நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாவற்றையும் ஒரு பல் டாக்டரோ பயிற்சி பெற்றவரோ பார்ப்பது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகுவது, இவற்றைத் தேடுவார்கள். திருவனந்தபுரம் பக்கம் பல வருடம் நடத்தி 2005-இல் வெளியான பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களுக்கு இப்படிக் கண்ணால் பார்த்தே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்மாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி, அந்த ஒரு முறை பரிசோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. செய்தவர்கள் நம் ஊர் நர்ஸுகள். அம்மா இதுவரை அந்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்றால், அப்பாவைக் கூட்டிப் போகும் அன்றே அவரையும் கூட்டிப் போங்கள்.

இனிச் சந்தேகமான பக்கம். நோய் அறிகுறி இல்லாத எல்லோரும் பொதுவாக முழு உடல் பரிசோதனை செய்தால் ஆயுள் கூடுமா? இரண்டரை லட்சம் பேர் கலந்துகொண்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவின் அலசல், 2019-இல், மொத்தச் சாவு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னது. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில் பல பத்தாண்டுக்கு முன் தொடங்கியவை. நமக்குச் சர்க்கரை சீக்கிரம் வருகிறது, அங்கே மாதிரி குடும்ப டாக்டர் வழக்கமும் இங்கே குறைவு. அதை அப்படியே நம் தலையில் வைக்க முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தேவையில்லாமல் தேடுவது தீங்கு செய்யும் என்பதில் தயக்கம் இல்லை. தென்கொரியாவில் செக்கப்போடு தைராய்டு ஸ்கேனையும் சேர்த்து எடுக்கும் பழக்கம் பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 15 மடங்கானது, அதனால் சாகிறவர்கள் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் தைராய்டை அறுத்து எடுத்துவிட்டு ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். உங்கள் பேக்கேஜில் சி.ஈ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற புற்றுநோய் மார்க்கர்கள் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவை ஏற்கெனவே நோய் உள்ளவரைக் கண்காணிக்க உதவும். ஒன்றுமில்லாதவருக்கு எடுத்தால், நார்மல் என்று வந்தாலும் நிம்மதிப்பட முடியாது, கூடி வந்தால் ஸ்கேன் மேல் ஸ்கேன்தான்.

நான் சொன்ன டெஸ்டுகளை மட்டும் எழுதிக்கொண்டு போய் விலை கேளுங்கள். சில ஊரில் பேக்கேஜே மலிவாக இருக்கும், அப்படியானால் பேக்கேஜையே எடுத்துக்கொள்ளலாம், மற்ற எண்களை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். காசு இடித்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர், சுகர், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இலவசமாக உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடமும் கேட்கலாம். ரத்தம் எடுக்கும் முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டால் காலை ஏழுக்கு எடுக்கலாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். வெற்றிலை, பாக்கு, டீ கூடாது. அப்பா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிக்கும், நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை அம்மா சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடச் சொல்லுங்கள், தைராய்டு டெஸ்டைக் குழப்பும். நெஞ்சில் அழுத்தம், நடந்தால் மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இப்படி எதாவது அப்பா சொல்லியிருந்தால் பேக்கேஜ் பேச்சே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று எண்ணுக்குப் பக்கத்தில், அதே நாளில் திரும்ப எடுத்துச் சரியாக வந்தது என்று பேனாவால் தேதியோடு எழுதி, இரண்டாவது ரிப்போர்ட்டை அதோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். நாளைக்கு வேறு ஒரு டாக்டர் ஃபைலைப் புரட்டும்போது 6.4 கண்ணில் பட்டால், அடுத்த தாளும் அவர் கையிலேயே இருக்கும்.